பூட்டனாரின் ஜாதக ஓலையைப் படித்த விதம்

பழைய ஓலை என்றாலே வட்டெழுத்து, அதாவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் முன்பே வழக்கொழிந்த பழைய எழுத்துமுறை, என்று சொல்லிவிடுவது நம்மவர்கள் வழக்கம். திருநெல்வேலி வீட்டுப் பரணில் கிடைத்த பூட்டனாரின் ஜாதக ஓலைக்கட்டைப் பார்த்த உறவினர்களும் அதையே சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் தமிழ் எழுத்து, இடையிடையே சமஸ்கிருதம் எழுதப் பயன்படும் கிரந்த எழுத்து. நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கினாலே பெரிது. ஆகவே இன்று வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் பிற்காலத்தில் எழுதியவையோ படியெடுத்தவையோதான்.

மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினோம். கீறல்களில் மை போயிருந்தது. ஓய்வுபெற்ற சுவடி ஆசிரியர் ஒருவர் சொன்னபடி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பஞ்சால் துடைத்தேன். கரி கீறலில் மட்டும் தங்க, எழுத்து துலக்கமாக எழுந்தது.

தலைப்பில் இருந்த கிரந்த வரிகள் என்னை மிரட்டின. ஆசிரியர் சிரித்தார். "உன் ஜாதக நோட்டை எடு தம்பி" என்றார். அச்சடித்த நோட்டின் முதல் பக்கத்திலும் அதே சுலோகம்: 'ஜனனீ ஜன்ம ஸௌக்யானாம்' என்று தொடங்கி 'லிக்யதே ஜன்ம பத்ரிகா' என்று முடிவது. தெரிந்த சுலோகத்தை வைத்துத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கிரந்தம் கற்க இதைவிடச் சுலபமான பாடப்புத்தகம் கிடையாது.

உண்மையான மல்லுக்கட்டு தமிழோடுதான். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகரமும் ஏகாரமும் ஒன்றே. போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். 'பார்வை' என்பது 'பரரவை' என்று நிற்கும். 'லக்கினம்' 'லககினம' ஆகிவிடும். இப்படியே நாலு ஓலை படித்தால் கண் பழகிவிடும் என்றார்கள். எனக்கு அதற்குள் தலைவலிதான் பழகியது.

பிறந்த தேதி 'கொல்லம் ௲௬௰௯ ௵ கார்த்திகை ௴ ௰௪ ௳' என்றிருந்தது. கொல்லம் என்பது கேரளத்தில் வழங்கும் ஆண்டுக்கணக்கு; நெல்லைச் சீமையிலும் அந்நாளில் அது சாதாரணம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௲ ஆயிரம், ௬௰ அறுபது, ௯ ஒன்பது, ஆக 1069. ஜனவரிக்கு முன் வரும் கார்த்திகையாதலால் 824 கூட்டினால் 1893. பக்கத்திலேயே விஜய வருஷம் என்றும் இருந்தது. அதுவும் 1893 சித்திரையில் தொடங்கியதுதான்.

ஜாதகம் படிப்பவருக்கு ஒரு வசதி உண்டு: சந்தேகம் வந்தால் ஜோதிடக் கணக்கே திருத்திக் கொடுக்கும். கட்டத்தில் ஓரிடத்தில் சூரியனைக் குறிக்கும் 'சூ'வா, சுக்கிரனைக் குறிக்கும் 'சு'வா என்று மங்கலாக இருந்தது. கட்டமோ விருச்சிகம். கார்த்திகையில் சூரியன் வேறெங்கே இருப்பார்? நட்சத்திரத்தின் பெயரைப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் சந்திரன் கடகத்தில், கீழே 'கர்ப்பச்செல் போக இருப்பு சனி தசை' என்ற வரி, அதாவது பிறப்பதற்கு முன் கழிந்தது போக மீதமுள்ள சனி தசை. பிறக்கும்போது நடக்கும் தசையை நட்சத்திரமே தீர்மானிக்கும். கடகத்தில் சனி தசையில் பிறந்தவர் பூச நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். ஜாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கின் கட்டுக்கோப்புக்கு அன்று மனதாரக் கும்பிடு போட்டேன்.

மிச்சமிருப்பவை பலன் சொல்லும் விருத்தப் பாடல்கள். அவற்றில் கணக்கு துணைக்கு வராது. வெறுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "கண்ணால் படிக்காதே, ராகம் போட்டுப் பாடு. சீர் எங்கே இடறுகிறதோ அங்கே புள்ளியை விட்டிருப்பாய்" என்றார் ஆசிரியர். இப்போது மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறேன்.