வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்றால் கைக்கு என்ன வரும்?

கன்டென்ட் ரைட்டிங் (கம்பெனிகளுக்குக் கட்டுரை எழுதித் தரும்) வேலைக்குப் பேச்சு எடுத்ததும் கிளையன்ட் கேட்பது, "ஒரு வார்த்தைக்கு எவ்வளவு?" உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள்.

1,200 வார்த்தைக் கட்டுரை, வார்த்தைக்கு 1 ரூபாய். விவரம் கேட்டுக்கொள்ள அரை மணி, தேடிப் படிக்க 3 மணி, எழுத 3 மணி, திருத்தத்துக்கு ஒன்றரை மணி. ஆக 8 மணி நேரத்துக்கு 1,200 ரூபாய், மணிக்கு 150. வேலை தேடி மெயில் அனுப்பிய நேரம் இதில் சேரவில்லை.

தமிழில் எழுதினால் அடி இன்னும் பலம். "வந்திருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து வேண்டும். 1,000 சொல் ஆங்கிலக் கட்டுரை தமிழுக்கு வந்தால் சுமார் 700, 750 தேறும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் சொல் எண்ணிக்கைக்கு விலை பேசுங்கள். சொந்தமாக எழுதுவதற்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுவதே சரி. (எண்ணிக்கை கூட வேண்டுமென்று சொற்களைப் பிய்த்துப் பிய்த்து எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.)

விலையை எப்படி முடிவு செய்வது? மாதம் 40,000 வேண்டுமென்றால் அதை 176 மணி நேரத்தால் (22 நாள், நாளுக்கு 8 மணி) வகுக்கக் கூடாது. மெயில், போன், இன்வாய்ஸ், சும்மா காத்திருப்பது எல்லாம் போக, காசு வருகிற வேலை மாதத்துக்கு 100 மணி நேரம் இருந்தாலே பெரிது. அப்படியானால் மணிக்கு 400. மேலே சொன்ன கட்டுரை 3,200 ரூபாய்.

இந்த விலை கேட்க மாதிரிகள் வேண்டும். ஒரே துறையில் மூன்று போதும், பத்துத் துறையில் பத்து வேண்டாம். கோவை பம்பு கம்பெனிக்குப் போய் 'தண்ணீரின் முக்கியத்துவம்' என்ற கட்டுரையைக் காட்டிப் பயனில்லை. '200 அடி போர்வெல்லுக்கு 1 எச்.பி. போதுமா, 1.5 வேண்டுமா?' என்று எழுதிக் காட்டுங்கள். பம்பு வாங்கப் போகிறவர் கூகுளில் தேடுவது இதைத்தான். கம்பெனி காசு கொடுப்பதும் அந்த ஆளைக் கூட்டி வருவதற்குத்தான்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் திருத்தத்தில். வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். கடைசியில் "கோணத்தையே மாத்திடுங்க" என்பார் முதலாளி. அது திருத்தம் இல்லை, புதுக் கட்டுரை. ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே மெயிலில் போட்டுவிடுங்கள்: தலைப்பு, யாருக்காக, எத்தனை சொல், தேதி, திருத்தம் இரண்டு சுற்று, கருத்துகளைத் தொகுத்து ஒரே கூகுள் டாக்கில் தருகிற ஒரு ஆள், 50 சதவீதம் அட்வான்ஸ், மீதி 15 நாளில். ஒப்படைத்து 7 நாள் பதில் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்ற வரியையும் விடாதீர்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு எழுத உட்காருங்கள்.

காப்பிரைட் எனும் காப்புரிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதிய கட்டுரைக்கு முதல் உரிமை எழுதியவருக்கே. சம்பள ஊழியருக்குத்தான் விதி வேறு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'முழுத் தொகை வந்ததும் உரிமை மாறும்' என்று ஒப்பந்தத்தில் சேர்த்தால் மீதிப் பணத்துக்கு அதுவே பிடி.

அப்படியும் இழுத்தடித்தால்? குறு, சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு ஆதார், பான் இருந்தால் இலவசம். வேலைக்கு முன்பே பதிந்து, அந்த எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். 2006 குறு, சிறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை கம்பெனி அதை வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. கணக்குப் பிரிவுக்கு மார்ச்சில் இதை ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போதும்.

டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கம்பெனி பிடித்துக் கட்டும் வருமான வரி, தனிக் கதை. தொழில்முறைக் கட்டணம் ஒரே கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இது 30,000). பான் கொடுக்காவிட்டால் 20. பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் உங்கள் கணக்கில் வராது; அதைத் திருத்த அந்தக் கம்பெனியின் கணக்கரைத்தான் பிடிக்க வேண்டும்.