மாதம் 992 யூரோ: ஜெர்மனியில் ஒரு மாணவரின் பணக் குறிப்புகள்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

விசாவுக்காக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட, பிளாக்ட் அக்கவுண்ட் எனும் முடக்கப்பட்ட கணக்கில் கட்டிய 11,904 யூரோ என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. அதுவும் இங்கே ஒரு கிரோ கணக்கை, அதாவது அன்றாட வரவுசெலவுக்கான வங்கிக் கணக்கைத் திறந்து, அதன் ஐபான் எனும் பன்னாட்டுக் கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகுதான் வரத் தொடங்கும். நான் அணுகிய வங்கியோ முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கிறது. முகவரியைப் பதிவு செய்ய, நான் குடிவந்ததை உறுதிப்படுத்தி வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட தாள் வேண்டும். அவரோ முதல் மாத வாடகையும் முன்பணமும் வந்த பிறகே சாவியைத் தருவார். ஆகவே பிளாக்ட் அக்கவுண்ட் என்பது தூதரகத்துக்குக் காட்டும் சான்றே தவிர, வந்திறங்கிய வாரங்களின் செலவுக்கான பணம் அன்று. அதற்கென்று இரண்டு மாத வாடகையும் முன்பணத்தின் ஒரு தவணையுமாவது, உடனே எடுக்கக்கூடிய பணமாகத் தனியே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அக்டோபர் 2, வியாழன்

முன்பணம் முழுவதையும் ஒரே முறையில் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவின்படி, சூடேற்றம், தண்ணீர் போன்ற துணைச் செலவுகள் நீங்கலான வாடகையின் மூன்று மடங்கை முன்பணம் தாண்டக் கூடாது. அதையும் மூன்று சம மாதத் தவணைகளாகச் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. இதற்கு மாறாக அவருக்குப் பாதகமாக எழுதப்படும் நிபந்தனை செல்லாது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மாலையே சம்மதம் வந்தது.

அக்டோபர் 9, வியாழன்

யூரோ நாடுகளின் வங்கிகள், பணத்தை அனுப்பும் முன் பெறுநரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று கட்டணமின்றிச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதி இன்று நடைமுறைக்கு வந்துள்ளது. பத்து விநாடிகளில் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தையும் இன்றுமுதல் அவை வழங்கியாக வேண்டும். அதற்குச் சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் இருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். நண்பர்களோ தலைப்பெழுத்தோடு சுருக்கி எழுதுவார்கள். அப்படி எழுதினால், பெயர் ஓரளவே பொருந்துகிறது என்றோ பொருந்தவில்லை என்றோ எச்சரிக்கை வரலாம். அதை மீறி அனுப்பிய பணம் தவறான கணக்குக்குப் போனால், பொறுப்பு பெரும்பாலும் அனுப்பியவர் தலையில்தான் விழும். ஆகவே கிரோ கணக்கிலும் பிளாக்ட் அக்கவுண்டிலும் பல்கலைக்கழகப் பதிவிலும் என் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே, அதே வரிசையில் இருக்கிறதா என்று சரிபார்த்து, அந்த வடிவத்தையே அறைத்தோழர்களுக்கும் அனுப்பிவைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

முதல் 992 யூரோ வந்தது. இந்தத் தொகை குறையும் விதம்தான் கவனிக்க வேண்டியது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் கைப்பேசி நிறுவனமும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில், நாம் கொடுத்த ஒப்புதலைக் கொண்டு தாமாகவே பணத்தை எடுத்துக்கொள்கின்றன. இந்த முறையில் எடுக்கப்பட்ட பணத்தை எட்டு வாரங்களுக்குள் காரணம் சொல்லாமலே வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம். ஒப்புதலே தராதிருந்தால் பதின்மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. ஆனால் உண்மையான கடனுக்கு எடுத்ததைத் திரும்பப் பெற்றால் கடன் அப்படியே நிற்கும். கணக்கில் போதிய பணமின்றி நிறுவனத்தால் பணத்தை எடுக்க முடியாமல் போனால், அதன் செலவையும் நம்மிடமே கேட்பார்கள்.

ஒளிபரப்புக் கட்டணக் கடிதமும் வந்துவிட்டது. மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. தொலைக்காட்சி இல்லை என்று வாதிட்டுப் பயனில்லை. இது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. ஏற்கெனவே செலுத்திவரும் அறைத்தோழரின் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். இனி அவருக்கு என் பங்கைத் தந்தால் போதும்.

நவம்பர் 4, செவ்வாய்

வாடகையை ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வேலை நாளுக்குள் செலுத்தியாக வேண்டும். பிளாக்ட் அக்கவுண்டின் தொகை எந்த நாளில் வரும் என்பதை வழங்கும் நிறுவனம் தீர்மானிப்பதால், அதை நம்பி மாதந்தோறும் முதல் தேதியில் வாடகையைத் தானாக அனுப்பும்படி வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுக்காமல், ஒரு மாத வாடகையை எப்போதும் கணக்கிலேயே விட்டுவைக்கிறேன்.

வரி எண் கடிதமும் இன்று வந்தது. முக்கியமானவை எல்லாம் தபாலில் வருகிற நாடு இது. அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டாதவருக்கு அந்த எண்ணும் வந்து சேராது. இனி மினிஜாப் எனும் குறைந்த வருமானப் பகுதிநேர வேலை தேடலாம். 2025இல் அதன் வருமான உச்சவரம்பு மாதம் 556 யூரோவாக இருந்தது, அவ்வாண்டின் மணிக்கு 12.82 யூரோ என்ற குறைந்தபட்ச ஊதியத்தில் அது ஏறத்தாழ 43 மணி நேரம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வரம்பு நம் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இருந்தாலும், பல்கலைக்கழகத்தின் உதவியாளர் பணி அதில் சேராது. எனவே முதலில் துறையிலேயே கேட்டுப் பார்ப்பேன். வேலை கிடைத்தால் சம்பளச் சீட்டுகளை முதல் மாதத்திலிருந்தே கோப்பில் சேர்க்க வேண்டும்; வதிவிட அனுமதியை நீட்டிக்கும்போது வாழ்க்கைச் செலவுக்கான சான்றை மீண்டும் கேட்பார்கள்.