பின்வரிசை எம்.பி.க்குக் கேள்வி எழுதிக் கொடுத்த காலம்

சட்டப் படிப்பை முடித்துவிட்டு வேலூரில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது, சத்துவாச்சாரி கோர்ட்டில் வாய்தா வாங்குவதும் தொரப்பாடி மத்திய சிறைக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வருவதும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். அதுதான் இருந்தது. கூடவே இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. சீனியரோடு சட்டக் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த ஒருவர் மக்களவை உறுப்பினராக இருந்தார். வேலூர் தொகுதிக்காரர் இல்லை. பெயர், கட்சி எதுவும் இங்கே வேண்டாம். கட்சியில் செல்வாக்கு இல்லாத, அமைச்சர் பதவிக்கு வாய்ப்பே இல்லாத, சபையில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்த ஆள். நீதி, மனித உரிமை என்றால் மட்டும் எழுந்து நிற்பார். அதற்குச் சரக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து போகும். டைப் அடித்து, சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு.

பின்வரிசை எம்.பி. என்றால் என்ன என்பது வெளியே இருந்து பார்த்தால் புரியாது. மசோதா ஓட்டெடுப்பில் அவருக்குச் சொந்த விருப்பம் கிடையாது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டும், இல்லையென்றால் பதவியே போகலாம். விவாதத்தில் பேச நேரம் கட்சியின் பலத்தை வைத்துப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பங்கிலும் பெரிய பகுதியைத் தலைவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் மூன்று நிமிடம், சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு, பாதிப் பேர் கிளம்பிப்போன சபையில், இவருக்கு வரும். இரண்டாவது நிமிடத்தில் மணி அடித்துவிடும்.

விசாரணைக் கைதிகள் பற்றி ஒருமுறை அவர் பேச வேண்டியிருந்தது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் தண்டனை பெறாதவர்கள் என்ற கணக்கு எல்லோரும் சொல்லுவது. சீனியர் அதை ஒரு வரியில் முடிக்கச் சொல்லிவிட்டு, "வழிக்காவல் பத்திப் பேசச் சொல்லு, அதை யாரும் பேச மாட்டாங்க" என்றார். கோர்ட்டுக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். வாய்தா தேதி வரும், வக்கீல் நிற்பார், சாட்சி வந்திருப்பார், ஆனால் கைதியைக் கூட்டிவரப் போலீஸ் இல்லை என்று ஜெயிலிலிருந்து தகவல் வரும். பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள், திருவிழா, அமைச்சர் வருகை, ஏதோ ஒன்று. வழக்கு அடுத்த மாதத்துக்குப் போகும், உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். இதை எழுதிக் கொடுத்தேன், அவரும் நன்றாகவே பேசினார். அன்றைக்குச் சபையில் யார் கேட்டார்கள் என்று தெரியாது, மறுநாள் ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. அவருடைய உதவியாளர் அந்த மூன்று நிமிடத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டார், அதோடு சரி.

சீனியருக்கு இதில் வருத்தமே இல்லை. "பேச்சு வாட்ஸ்அப்புக்கு, கேள்வி கட்டுக்கு" என்பார். கட்டு என்றால் எங்கள் தொழிலில் வழக்குக் கட்டு. அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, நட்சத்திரம் இல்லாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம், டிவியில் வரும், எனவே குலுக்கலில் அதற்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. அதற்கு எழுத்தில் பதில் வரும். அமைச்சரின் பெயரோடு, தேதியோடு, பின்னிணைப்பில் மாநில வாரிக் கணக்கோடு. சபையில் வைத்த பதிலில் தவறான தகவல் கொடுத்தால் உரிமை மீறல் பிரச்சினை வரும் என்பதால், அமைச்சகங்களில் அந்த வரிகளைக் கவனமாகத்தான் எழுதுவார்கள்.

கேள்வி எழுதுவது தனிக் கலை. கொத்தடிமைத் தொழிலாளர் பற்றி எம்.பி.க்கு ஒரு கேள்வி கேட்க ஆசை. அவரே ஒரு வரைவு அனுப்பினார்: 1976-ல் சட்டம் வந்தும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் தோப்புகளிலும் இருளர் குடும்பங்கள் விலங்குகளைப் போல் வதைபடுவதை இந்த அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்? மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். சபை விதிகளில் 41-வது விதி இதை உள்ளே விடாது. கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, பழி சுமத்தக் கூடாது, அடைமொழிகூடக் கூடாது. சீனியர் பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது இப்படி: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் விடுதலைச் சான்றிதழ் பெற்ற கொத்தடிமைத் தொழிலாளர் எத்தனை பேர், மாநில வாரியாக, (ஆ) அவர்களில் உடனடி உதவித்தொகை பெற்றவர்கள் எத்தனை பேர், முழு மறுவாழ்வுத் தொகை பெற்றவர்கள் எத்தனை பேர், (இ) உடனடி உதவி வழங்க, வழக்கு முடிய வேண்டும் என்ற நிபந்தனை உண்டா.

எம்.பி. போன் செய்து, "என்னப்பா, உப்புச் சப்பே இல்லையே" என்றார். சீனியர் சிரித்தார். "நீ (இ)-ய மட்டும் பாரு."

அந்த (இ) ஏன் என்று சொல்ல வேண்டும். 2016-ல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை உயர்த்தியது: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், மிக மோசமான சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகை வர, முதலாளிக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். வழக்கு எத்தனை வருஷம் போகும், சாட்சி நிற்குமா, யார் சொல்ல முடியும்? அதனால் உடனடி உதவி என்று 20,000 ரூபாய் வரை தனியாக வைத்தார்கள், பிறகு அது 30,000 ஆனது. அதற்கும் வழக்கு முடிவுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், "கேஸ் முடியட்டும் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே மரம் வெட்டும் இடத்திலிருந்து மீட்கப்பட்ட சில குடும்பங்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தார்கள். திட்ட விதிமுறைகளை நகல் எடுத்துக்கொண்டு போனோம். "இதெல்லாம் நெட்டுல வரும் சார்" என்றார் அங்கிருந்தவர்.

பதில் வந்தது. நிபந்தனை இல்லை என்று அமைச்சகம் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டு, மனுவோடு பின் அடித்து எடுத்துக்கொண்டு போனோம். மக்களவை என்ற தலைப்பைப் பார்த்ததும் கண்காணிப்பாளர் உட்காரச் சொன்னார். அதற்கு முன் அந்த அலுவலகத்தில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. எங்களோடு வந்திருந்த இருளர் பெண் ஒருவர் பெஞ்சின் ஓரத்தில் உட்காராமல் நின்றபடியே, "அந்தப் பேப்பர்ல எவ்ளோன்னு போட்டிருக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். பணம் உடனே வந்துவிடவில்லை, கையெழுத்து, வங்கிக் கணக்கு, ஆதார் என்று இழுத்தது. ஆனால் வந்தது.

எல்லாக் கேள்விக்கும் இந்த மாதிரி பதில் வராது. காவல் மரணம், சிறை, தடியடி என்று எதைக் கேட்டாலும் உள்துறை அமைச்சகத்தின் பதில் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளன. சிறை என்று கேட்டால் அதுவும் மாநிலப் பட்டியல்தான். கோயில் அர்ச்சனையில் சங்கல்பம் சொல்வது போல இதைச் சொல்லாமல் அவர்கள் தொடங்குவதில்லை. அதைத் தாண்டிப் பின்னிணைப்புக்குப் போனால் தேசிய மனித உரிமை ஆணையத்தின் கணக்கு இருக்கும், தமிழ்நாடு வரிசையில் எண் இருக்கும், நமக்கு வேண்டியது அது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டது. திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. செத்தவர்கள் ஒரு மாநிலம், சுட்டவர்கள் ஒரு மாநிலம், இதில் எந்த மாநிலப் பட்டியலைச் சொல்வார்கள்? அன்று நாடாளுமன்றம் பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் இருந்தது, மக்களவை ஏப்ரல் 20-ல்தான் திரும்பக் கூடியது. கேள்விக்கு 15 முழு நாள் நோட்டீஸ் வேண்டும். சபை கூடும் நேரமும் துப்பாக்கி வெடிக்கும் நேரமும் ஒத்துப்போவதில்லை. இந்த மாதிரி விஷயத்துக்குக் கேள்வி லாயக்கில்லை, கேள்வியாக இல்லாமல் ஒரு விஷயத்தைச் சபையில் எழுப்ப உதவும் பூஜ்ய நேரமும் 377-வது விதியும்தான் கை கொடுக்கும் என்பதையும் சீனியர் ஒத்துக்கொள்வார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.

சபை கூடினாலும் நமக்கு ஆள் இருக்க வேண்டுமே. 2019 ஜூலையில் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மட்டுமே தேசிய மனித உரிமை ஆணையத் தலைவராகலாம் என்றிருந்ததை மாற்றி, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி யாரும் வரலாம் என்றார்கள். பதவிக் காலத்தையும் 5 ஆண்டிலிருந்து 3 ஆக்கினார்கள். ஜூலை 19-ல் மக்களவையில் நிறைவேறியது. அன்று வேலூருக்கு எம்.பி.யே கிடையாது. பணப் பட்டுவாடா புகாரில் ஏப்ரல் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் ஓட்டுப் போட்டு, 9-ல் எண்ணினார்கள். மக்களவையின் அந்தக் கூட்டத்தொடர் 6-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள், இதைப் பற்றி டீக்கடையில் ஒருவர்கூடப் பேசி நான் கேட்கவில்லை.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, ஒன்று கொண்டுவரலாமே என்று எம்.பி.யிடம் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். சீனியர் ஊக்கம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அதற்கு நேரம், அப்போது உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் பிடிக்கப் போய்விடுவார்கள். இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான கடைசித் தனிநபர் மசோதா 1970-ல். ஆனால் அந்த ஒன்றைப் பாருங்கள். கொண்டுவந்தவர் ஆனந்த் நாராயண் முல்லா, அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி, லக்னோவில் சுயேச்சையாக ஜெயித்தவர், உருதுக் கவிஞர் வேறு. கீழ்க் கோர்ட்டில் விடுதலையான ஒருவருக்கு உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஆயுளோ பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனையோ கொடுத்தால், உச்ச நீதிமன்றத்துக்கு அவர் உரிமையாகவே மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தொரப்பாடி சிறையில் இருக்கும், எங்களிடம் வழக்குக் கொடுத்தவர்கள் யாருக்கும் முல்லா என்ற பெயர் தெரியாது. கட்சியும் கொறடாவும் இல்லாத ஓர் ஆள் செய்த வேலை அது.

தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை ஏற்றது. மக்களவையில் நிறைவேறவில்லை, அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. அதில் பலருக்குத் திருப்தி இல்லை. ஆனாலும் அரசை எழுதவைத்ததில் அந்த மசோதாவுக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், அப்படியே காலாவதியானது. இதைப் பற்றிய கேள்வி எங்கள் கோப்பில் எப்போதும் தயாராக இருக்கும். தேதியை மட்டும் மாற்றி அனுப்புவோம். பதிலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதையும் கோப்பில் வைப்போம், எந்த வருஷம் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.

அடுத்த தேர்தலில் எம்.பி.க்கு சீட் கிடைக்கவில்லை. நீதி, மனித உரிமை என்று பேசியதால் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அதை யாரும் கவனித்தே இருக்க மாட்டார்கள். சில மாதம் கழித்து, புதிதாக ஜெயித்த வேறொரு கட்சிக்காரரின் உதவியாளர் போன் செய்து, பழைய கேள்விகளும் பதில்களும் கிடைக்குமா என்று கேட்டார். சீனியரிடம் கேட்டேன், "அனுப்பு, அதுல கட்சி என்ன இருக்கு" என்றார். பேச்சுகளும் வேண்டுமா என்று உதவியாளரிடம் கேட்டதற்கு, அது வேண்டாம் சார், எங்க அண்ணன் சொந்தமாவே நல்லாப் பேசுவார் என்றார்.