ஜூனோஸ் தேர்வுக்கு வியோஸில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஜூனிப்பர் ரவுட்டர்களில் ஓடும் மென்பொருள்தான் ஜூனோஸ். கையில் அந்த ரவுட்டர் இல்லையே என்று தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம். டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ரவுட்டர் மென்பொருளான வியோஸின் கட்டளைமுறை பெரும்பாலும் ஜூனோஸ் போலவே இருக்கும். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு, தலா 1 ஜிபி கொடுத்து இரண்டு வியோஸ் ரவுட்டர்களை ஓட்டலாம். ஒன்றுக்கு மாட்டுத்தாவணி, இன்னொன்றுக்கு ஆரப்பாளையம் என்று ஹோஸ்ட்நேம் வையுங்கள். எந்தத் திரையில் தட்டுகிறோம் என்ற குழப்பம் வராது.

பூட் ஆனதும் முதல் வேலை ‘இன்ஸ்டால் இமேஜ்’, அதாவது வியோஸை டிஸ்கில் நிறுவும் கட்டளை. அதை விட்டால் எல்லாம் ராமில்தான் இருக்கும், சேவ் கொடுத்தாலும் ரீபூட்டில் போய்விடும். இரண்டாவது ரவுட்டருக்காக முதலாவதைக் குளோன் (நகல்) எடுக்கும்போது இன்னொரு சிக்கல். ஈத்0 என்ற முதல் நெட்வொர்க் கார்டுக்குக் கீழே ‘ஹெச்டபிள்யூ-ஐடி’ வரியில் பழைய மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) இருக்கும். குளோனின் மேக் புதிது என்பதால் கார்டு வேறு எண்ணோடு எழும்பும். ஈத்0-க்குக் கொடுத்த ஐபி அதில் ஏறாது. அந்த வரியை டெலீட் செய்து, கமிட், சேவ் கொடுத்து, பவர்ஆஃப் செய்த பிறகு குளோன் எடுங்கள்.

இனி முக்கியமான இடம். வியோஸில் கமிட் கொடுத்தால் மாற்றம் உடனே ஓடத் தொடங்கும், ஆனால் டிஸ்கில் எழுதப்படாது. அதற்குத் தனியாக சேவ் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளில், யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் இது தெளிவாகத் தெரிந்துவிடும். ஜூனோஸில் கமிட்டே சேமிப்பு. பழைய கமிட்டுகளோடு சேர்த்து 0 முதல் 49 வரை 50 பதிப்புகள் அழைக்கக் கிடைக்கும். ‘ரோல்பேக் 1’ பழையதை கேண்டிடேட்டுக்குள் (இன்னும் அமலாகாத வரைவுக்குள்) கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். பின்னால் ஒரு கமிட் கொடுத்தால்தான் அமலாகும். இதை மறந்துவிட்டு விடையைத் தவறாகக் குறிப்பது மிகச் சுலபம்.

தூரத்து ரவுட்டரில் ஐபி மாற்றும்போது ஜூனோஸில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கொடுங்கள். 10 நிமிடத்துக்குள் மறுபடி கமிட் கொடுக்காவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். வியோஸில் ‘கமிட்-கன்ஃபர்ம்’ கொடுத்து, பிறகு ‘கன்ஃபர்ம்’ என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் வழக்கமாக ரவுட்டர் ரீபூட் ஆகி, கடைசியாக சேவ் செய்த கான்ஃபிக்கோடு எழும்பும். இடையில் சேவ் செய்யாத கமிட்டுகள் எல்லாம் போய்விடும். அதனால் முதலில் சேவ், பிறகு கமிட்-கன்ஃபர்ம்.

ஒன்றை வியோஸ் கற்றுத்தராது. ஐபியில் மாஸ்க் (/24 போல நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் பகுதி) விட்டுப்போனால் வியோஸ் ஏற்காமல் பிழை காட்டும். ஜூனோஸ் /32, அதாவது ஒரே ஒரு முகவரி, என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும், பக்கத்து ரவுட்டருக்குப் பிங் போகாது. கமிட்டுக்கு முன் ‘ஷோ | கம்பேர்’ தட்டி, கூட்டல் குறி உள்ள புதிய வரிகளில் மாஸ்க்கைப் பாருங்கள். வியோஸில் இதற்கு வெறும் ‘கம்பேர்’ போதும்.