வியாழனின் நான்கு நிலாக்களைத் திரையில் சுற்ற விட்டேன்

வியாழனைச் சுற்றும் நான்கு பெரிய நிலாக்களைப் பிரவுசரில் ஓட விட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கி வழியே கண்ட அதே நான்கு: அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. வட்டப் பாதை அனிமேஷன் பழக இவை அருமையான பாடம். நான்கின் பாதைகளும் நிஜத்திலேயே கிட்டத்தட்ட முழு வட்டம், நீள்வட்டக் கணக்குக்குள் போகவே வேண்டாம்.

அயோவின் பாதைக்கு 80 பிக்சல் ஆரம் வைத்தேன். நிஜ விகிதப்படி யூரோப்பாவுக்கு 127, கனிமீடுக்கு 203, கலிஸ்டோவுக்கு 357 வந்தது. அயோ ஒரு சுற்றுக்கு 4 விநாடி எடுத்துக்கொண்டால் கலிஸ்டோவுக்குச் சுமார் 38 விநாடி ஆகும்.

நகர்த்துவதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஆரத்தைக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் பக்கவாட்டுத் தூரம், சைனால் பெருக்கினால் மேல்கீழ்த் தூரம். பிரவுசரில் படம் வரையும் பரப்பான கேன்வாஸில் எண்கள் கீழ்நோக்கி வளர்வதால் சைனுக்கு மைனஸ் போட்டேன். வியாழனின் வடக்கிலிருந்து பார்த்தால் நிலாக்கள் இடஞ்சுழியாகத்தான் போகும்.

வழுக்கிக்கொண்டு போவது போன்ற ஓட்டம் எங்கே கிடைக்கிறது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஃப்ரேமுக்கு இத்தனை டிகிரி என்று கோணத்தைக் கூட்டினால், விநாடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு வேகம், 120 ஹெர்ட்ஸ் திரையில் அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் ஒரே ஒரு கடிகாரம் வைத்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் உண்மையில் கழிந்த நேரத்தை, ஸ்லைடரில் உள்ள வேகத்தால் பெருக்கி அதில் சேர்க்கிறேன். நான்கு நிலாக்களின் கோணமும் அந்தக் கடிகாரத்திலிருந்தே வருகிறது. ஓடும்போது வேகத்தை மாற்றினாலும் எதுவும் துள்ளுவதில்லை.

அடுத்து பிக்சல். இடத்தை முழு எண்ணாக்கி வரைந்து பார்த்தால் கலிஸ்டோவில் குறை பளிச்சென்று தெரிகிறது. வட்டத்தின் உச்சியில் சுமார் 38 பிக்சல் தூரம், அரை விநாடிக்கும் மேலாக, நேர்கோட்டில் போய்விட்டுச் சட்டென ஒரு பிக்சல் கீழே இறங்குகிறது. பின்னத்தோடு அப்படியே கொடுத்தால் கேன்வாஸே விளிம்பை மென்மையாக்கி வரைந்துவிடுகிறது. பெரிய வட்டம், மெதுவான ஓட்டம் என்றால் எண்ணை முழுமையாக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அயோ, யூரோப்பா, கனிமீடு மூன்றும் லாப்லாஸ் ஒத்திசைவில் கட்டுண்டவை, அதாவது அவற்றின் சுற்றுக் காலங்கள் ஏறக்குறைய 1:2:4 என்ற விகிதத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை. யூரோப்பாவும் கனிமீடும் ஒரே பக்கம் வரிசையில் வரும்போது அயோ நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். அந்த நிலையிலேயே மூன்றையும் வைத்துத் தொடங்கினேன். ஏறக்குறைய 16 விநாடிக்கு ஒருமுறை அந்த வரிசை திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் சுமார் 5 டிகிரி தள்ளி. கணக்குச் சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. சுற்றுக் காலங்களை 1.77, 3.55, 7.15 நாள் என்று சுருக்கிக் கொடுத்தால் இந்த உறவு நாளுக்கு 0.136 டிகிரி நழுவுகிறது. நிலாக்களுக்கு ஓராண்டு ஓடுவதற்குள் 50 டிகிரி தள்ளிப் போய்விடும். 1.769138, 3.551181, 7.154553 என்று கொடுத்தால் அப்படியே நிற்கிறது. கண்ணுக்கு வழுக்கலாகத் தெரிகிற ஓட்டம் கணக்கில் தவறாக இருக்கலாம் என்பதால், இந்தச் சோதனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டேன்.

பக்கவாட்டுத் தோற்றம் எளிதாகவே வந்தது. மேல்கீழ்த் தூரத்தைப் பூஜ்யமாக்கினால் நிலாக்கள் ஒரே கோட்டில் இங்குமங்கும் ஊசலாடுகின்றன, கலிலியோ கண்டதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓரங்களில் நிதானம், நடுவில் வேகம். அதற்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை, கோசைனே பார்த்துக்கொள்கிறது. சைன் நேர்மறையாக இருக்கும் நிலாவை முதலில் வரைந்து, அதன்மேல் வியாழனை வரைகிறேன். அப்போது அது கோளுக்குப் பின்னால் மறைகிறது.

வியாழனின் நிழலுக்குள் அயோ நுழைவதைக் காட்டும் வேலை பாக்கி. சூரியன் இருக்கும் திசைக்குத் தனியாக ஒரு கோணம் சேர்க்க வேண்டும், அதையும் இதே கடிகாரத்தில்தான் கட்டப்போகிறேன்.