ஒரே வீடு, ஒரே கிருமி, இரண்டு ரிப்போட்

நெஞ்செரிவு எனக்குத்தான். இரவில் எழும்பியிருந்து தண்ணீர் குடிப்பதும், இடிசம்பலைக் கண்டால் ஒதுங்குவதும் நான். இவருக்கு ஒரு குறையுமில்லை. வெள்ளவத்தையில் எந்தக் கடைக் கொத்து என்றாலும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளுவார். அவருக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போனதால், என்னோடு சேர்த்து அவருக்கும் எண்டஸ்கொப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) எழுதித் தந்தார் நாங்கள் சனல் பண்ணிய டொக்டர்.

எண்டஸ்கொப்பியைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளை நம்பவேண்டாம். முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தவேண்டும். தொண்டை மரக்க அடிக்கும் ஸ்பிரே வேப்பெண்ணெய்க் கசப்பு. இடப்பக்கம் சரிந்து படுத்து, வாயில் வளையத்தைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டால் ஓங்காளம் அடங்கிவிடும். கிள்ளி எடுத்த சதைத்துணுக்கில் ஒன்றை நேர்ஸ் மிஸ் ஒரு சின்ன மஞ்சள் ஜெல்லுக்குள் வைத்தா. நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வர அதன் ஓரம் ரோஸ் நிறமாகியிருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும். நிறம் மாறுவது அதனால். அந்த அமோனியாவால் அமிலத்தைத் தணித்துக்கொண்டுதான் அது அங்கே உயிரோடு இருக்கிறது. இவருடைய ஜெல்லும் மாறியது.

பிறகு அந்தச் சதைத்துணுக்குகளைச் சோதித்த பயொப்சி ரிப்போட் வந்தது. எனக்கு இலேசான அழற்சி. இவருக்கோ கடும் அழற்சி, நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய. ஓரிடத்தில் இரைப்பைச் சவ்வு குடல் சவ்வு மாதிரி மாறியிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. டியோடினத்தில், அதாவது சிறுகுடலின் தொடக்கத்தில், ஒரு புண்ணும் இருந்தது. ரிப்போட் மாறிவிட்டதோ என்று பெயரை இரண்டு தரம் பார்த்தேன்.

"பிள்ளை, நோவுக்கும் அழற்சிக்கும் பெரிசாச் சம்பந்தமில்லை. கிருமியும் எல்லாம் ஒரே மாதிரியில்லை," என்றார் டொக்டர். பேனையை எடுத்து ரிப்போட்டின் பின்பக்கம் ஒரு செல்லையும் அதில் ஒட்டிய கிருமியையும் கீறினார். இந்தக் கிருமியின் சில வகைகளிடம், அதாவது திரிபுகளிடம், மரபணுக்களின் ஒரு தொகுதி இருக்கிறது. அதிலுள்ள முக்கியமான ஒன்றுக்கு காக்-ஏ என்று பெயர். அந்தத் தொகுதி இருந்தால் கிருமி ஊசி மாதிரியான ஒரு குழாயால் காக்-ஏ புரதத்தையும் வேறு சிலதையும் செல்லுக்குள் ஏற்றிவிடும். செல் இன்டர்லூக்கின்-8 என்ற சமிக்ஞையை வெளிவிட, நியூட்ரோபில்கள் வந்து குவியும். அந்தத் தொகுதி இல்லாத திரிபு அதே இடத்தில் இருந்தாலும் இவ்வளவு கலகம் பண்ணாது. வாக்-ஏ என்ற நஞ்சு எல்லாத் திரிபிலும் இருந்தாலும் சிலதில் வீரியம் கூட, சிலதில் குறைவு. காக்-ஏ உள்ளவற்றோடுதான் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. கிழக்காசியாவில் உள்ள காக்-ஏ வடிவம் மேற்கத்தேய வடிவத்தை விடக் கடுமையானது என்றும் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரு கோப்பையில சாப்பிடுறம், அப்ப எப்பிடி டொக்டர்?" என்று கேட்டேன். இது பெரும்பாலும் சின்ன வயதில் சொந்த வீட்டிலேயே தொற்றுவது என்றார். ஆளாளுக்கு அதன் மரபணு வேறுபடும். மனிதர் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பதைக்கூட அதை வைத்துத் தேடியிருக்கிறார்களாம். ஆகவே இவருடையது பருத்தித்துறைக் கிருமி, என்னுடையது பதுளைக் கிருமியாக இருக்கலாம். இதைக் கேட்ட மாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

இவருடையது காக்-ஏ உள்ளதுதானா என்று எங்களுக்குத் தெரியாது. சாதாரண பயொப்சியில் திரிபு பார்ப்பதில்லை, பார்த்தாலும் மருந்து அதேதான். கிருமி மட்டும் காரணமுமில்லை: ஆளின் சொந்த மரபணு, சிகரெட், உப்பு எல்லாம் சேரும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் இவருக்குச் சோறு இறங்காது என்பதை நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

மருந்து 14 நாள்: கிளரித்ரோமைசின், அமொக்சிசிலின், அமிலத்தைக் குறைக்கும் குளிசை, மூன்றும் காலையும் மாலையும். கிளரித்ரோமைசின் வாயில் செப்புக்காசை வைத்த மாதிரி ஒரு கசப்பு, பிளேன்டீகூடக் கசக்கும். வயிற்றோட்டத்துக்கும் தயாராக இருங்கள். இடையில் விட்டால் மிஞ்சும் கிருமி எதிர்ப்புப் பிடித்துவிடும் என்பதால் விடமுடியாது.

எல்லோரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். அன்ரிபயோட்டிக் முடிந்து குறைந்தது 4 கிழமையும், அமிலக் குளிசை நிறுத்தி 2 கிழமையும் போகாமல் மறுபடி சோதித்தால், கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். அந்த இரண்டு கிழமையும் நெஞ்செரிவு திரும்பி வந்து என்னை வாட்டியது. மலத்தில் கிருமியின் அன்டிஜென் (அதன் புரதத் தடயம்) பார்க்கும் சோதனைதான் எங்களுக்கு. சின்னப் பிளாஸ்டிக் குப்பி இரண்டையும் கறுப்புப் பையில் சுற்றி, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அன்ரி "என்ன மகள், பலகாரமோ?" என்று கேட்டா.

எனக்குக் கிருமி இல்லை. இவருக்குப் போகவில்லை, கிளரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு இருந்திருக்கலாம் என்றார் டொக்டர். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குளிசை என்று அடுத்த சுற்று. பிஸ்மத் மலத்தையும் நாக்கையும் கறுப்பாக்கும் என்று முன்னமே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அதில் போய்விட்டது, ஹீமோகுளோபினும் ஏறுகிறது. குடல் சவ்வாக மாறிய இடம் கிருமி போனாலும் சட்டென்று பழையபடி ஆகாது என்பதால், இவருக்கு மட்டும் மறுபடி எண்டஸ்கொப்பி எழுதியிருக்கிறது. ஸ்பிரேயின் கசப்பைப் பற்றி இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.