மின்தடை காட்டிக்கொடுத்த இரைச்சல்

நேற்றிரவு திருவையாற்றில் மின்சாரம் நின்ற அதே நொடியில், நான் கையால் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை ரேடியோவில் ஒரு வாரமாக விடாமல் கேட்ட ‘கொர்ர்’ என்ற இரைச்சலும் அடங்கியது.

ரேடியோ ஓடியதோ 12 வோல்ட் பேட்டரியில். ஆக, கோளாறு என் சாலிடரிங்கில் இல்லை. (அதற்குள் நல்ல கெபாசிட்டர்கள் நான்கைப் பிடுங்கிப் போட்டிருந்தேன்.)

மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையின் எல்இடி பல்பை அணைத்தபோது காதில் அமைதி.

அதனுள் இருக்கும் மலிவான சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி விடுவதால் எழும் அலைகள், வீட்டு வயரையே ஆன்டெனாவாக்கிக்கொண்டு, தென்னைமரத்தில் நான் கட்டியிருக்கும் ரேடியோ ஆன்டெனா கம்பிக்கு வந்து சேர்கின்றன.

பல்பை மாற்றிய பின், வயல் தவளைகளின் சத்தத்துக்கு நடுவே புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மெல்லிய மோர்ஸ் ஒலி தெளிவாகக் கேட்டது.

அடுத்த வீட்டுப் பெரியப்பாவின் கொட்டகையிலும் அதே பல்புதான். இன்று சாயங்காலம் போய்ப் பேச வேண்டும்.